பழைய ஜெர்மன் ராணுவப் பதக்கங்கள்: வாங்கலாம், வைக்கலாம், தேய்க்க மட்டும் வேண்டாம்

கேள்வி சுருக்கமாக இதுதான். ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் இரண்டு பதக்கங்கள் வாங்கியிருக்கிறார். ஒன்று 1914 என்று போட்ட இரும்புச் சிலுவை. இன்னொன்று நடுவில் 1914, 1918 என்று எழுதி, குறுக்கே இரண்டு வாள் வைத்த வெண்கல நிறச் சிலுவை. வெள்ளி ஓரம் கறுத்துக் கிடக்கிறது, ரிப்பன் அழுக்காக இருக்கிறது. இதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, ரிப்பனைத் துவைத்து, மரச்சட்டத்தில் ஒட்டி வரவேற்பறையில் மாட்டலாமா, தொடர்ந்து சேர்ப்பதென்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்கிறார்.

தேய்க்காதீர்கள், துவைக்காதீர்கள், ஒட்டாதீர்கள். மாட்டலாம், அதற்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். முதலில் ஏன் தேய்க்கக் கூடாது என்பதற்கு என் வீட்டுக் கதை.

என்னிடம் 1870-71 பிரெஞ்சுப் போருக்கான பிரஷ்ய (அன்றைய ஜெர்மன் ராஜ்யங்களில் பெரியது) நினைவுப் பதக்கம் ஒன்று இருக்கிறது. வட்டமான வெண்கலம். விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் 'ஆவுஸ் எரோபர்ட்டெம் கெஷ்யூட்ஸ்' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும், அதாவது கைப்பற்றிய பீரங்கியிலிருந்து. பிரெஞ்சுக்காரர்களிடம் பிடித்த பீரங்கிகளை உருக்கி அதே வெண்கலத்தில் படைவீரர்களுக்குப் பதக்கம் அடித்தார்கள். போரில் நேரடியாக இறங்காதவர்களுக்கு அதே போருக்கு எஃகில் ஒன்று. என்னுடையது வெண்கலம், சாக்லேட் நிறத்தில், குழிவான இடங்களில் கருப்பாக, ஒரு நூற்றாண்டுக்கு மேல் யாரும் தொந்தரவு செய்யாத மாதிரி இருந்தது. அம்மா ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம் தங்கியிருந்தபோது அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு ஆபீஸ் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அது குத்துவிளக்குக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு மாதிரியே மின்னுகிறது. புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். 'களிம்பு ஏறிக் கிடந்துச்சுடா, பத்து நிமிஷத்துல போயிடுச்சு' என்று பெருமையாக வேறு சொன்னார். தப்பு அவர்மேல் இல்லை. வெண்கலம் என்றால் புளி, வெள்ளி என்றால் திருநீறு என்று பழகின கை. ஆனால் அந்தப் பதக்கம் இப்போது விற்கப்போனால் பாதி விலைக்குக்கூடப் போகாது. அந்தச் சாக்லேட் நிறத்தைத் திரும்ப வரவைக்க உலகத்தில் யாராலும் முடியாது, மருந்து போட்டு நிறம் ஏற்றினால் அது போலியைவிடக் கேவலமாகத் தெரியும்.

சரி, உங்கள் கையில் இருப்பதற்கு வருவோம்.

இரும்புச் சிலுவையை 1813 மார்ச் 10-ல் பிரஷ்ய அரசர் மூன்றாம் ஃபிரீடிரிக் வில்ஹெல்ம் தொடங்கினார், நெப்போலியனுக்கு எதிரான போருக்காக. அந்தத் தேதி அவருடைய இறந்துபோன மனைவி லூயிசா ராணியின் பிறந்தநாள். வரைந்தவர் கட்டடக் கலைஞர் ஷிங்கெல். தங்கம் வைரம் எதுவும் இல்லாமல் கருப்பு இரும்பு, ஓரத்தில் மெல்லிய வெள்ளி, அவ்வளவுதான். நாட்டின் கஜானா காலி, மக்கள் நகைகளைக் கொடுத்துவிட்டு இரும்பு நகை வாங்கிப் போட்டுக்கொண்ட காலம் அது. இன்னொரு விஷயம், உயர்குடி அதிகாரிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே சிலுவை, அன்றைய ஐரோப்பாவில் இது சின்ன விஷயமில்லை. பிறகு 1870 ஜூலை 19-ல் மறுபடி உயிர்ப்பித்தார்கள், அது லூயிசாவின் நினைவுநாள். மூன்றாவது தடவை 1914 ஆகஸ்டில், நான்காவது 1939 செப்டம்பர் 1-ல்.

உங்களுடையது 1914, இரண்டாம் வகுப்பு. ஒரு பக்கம் கிரீடம், W (அன்றைய பேரரசர் வில்ஹெல்மின் முதலெழுத்து), 1914. மறுபக்கம் FW (தொடங்கிய ஃபிரீடிரிக் வில்ஹெல்ம்), ஓக் இலை, 1813. இதை 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள், அதனால் அபூர்வப் பொருள் இல்லை, அதுவே நமக்கு வசதி. தாராளமாகக் கிடைக்கும் பொருளில்தான் கண்ணைப் பழக்க முடியும்.

நிஜமா போலியா என்று பார்க்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லூப் கண்ணாடி போதும், நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அதுதான். சிலுவையைப் பக்கவாட்டில் திருப்பி ஓரத்தைப் பாருங்கள். அசல் சிலுவை மூன்று துண்டு: நடுவில் கருப்பு பூசிய இரும்பு, அதை முன்னும் பின்னும் கவ்விப் பிடிக்கும் இரண்டு வெள்ளிச் சட்டங்கள். அந்த இரண்டு சட்டமும் சேருகிற இடத்தில் பற்றவைத்த கோடு ஓடும், சில இடத்தில் கண்ணுக்கே தெரியாத அளவு சுத்தமாக இருக்கும், ஆனால் இருக்கும். ஒரே வார்ப்பில் ஊற்றிக் கருப்பு பெயிண்ட் அடித்த போலியில் அந்தக் கோடு இருக்காது, அல்லது கோடு மாதிரி ஒரு பள்ளம் மட்டும் போட்டிருப்பார்கள். பிறகு இரும்புக்கும் வெள்ளிக்கும் இடையே மெல்லிய இடைவெளி, அங்கே நூறு வருட அழுக்கும் லேசான துருவும் சேர்ந்திருக்கும். சட்டத்தின் உள்விளிம்பில் பொடிப்பொடியாக மணி கோத்த மாதிரி வரிசை ஓடும். அசலில் அது கூர்மையாக இருக்கும், வார்ப்புப் போலியில் சோப்புக்கட்டி கரைந்த மாதிரி மழுங்கி இருக்கும். காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்ட வேண்டும். ஆனால் காந்தத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். பித்தளை நடுப்பகுதி வைத்த அசல் சிலுவைகளும் உண்டு, இரும்பு வைத்துச் செய்த போலிகளும் உண்டு.

ரிப்பன் கோக்கும் வளையத்தில் KO, WS போன்ற எழுத்தோ 800 என்ற வெள்ளித் தர எண்ணோ அடித்திருக்கலாம், தயாரிப்பாளர் அடையாளம் அது. எதுவுமே இல்லாமலும் அசல் வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ரிப்பனுக்குப் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இருட்டறையில் அடித்தால் பழைய ரிப்பன் மங்கலாகக் கிடக்கும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்த வெண்மையூட்டும் ரசாயனம் பட்ட நூல் நீலமாக எரியும். இதிலும் ஒரு சிக்கல், யாராவது பழைய ரிப்பனை டிடர்ஜென்ட் போட்டுத் துவைத்திருந்தால் அதுவும் எரியும். துவைக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம், அசலை நீங்களே போலி மாதிரி ஆக்கிவிடுவீர்கள். கருப்பில் வெள்ளைக் கோடு என்றால் போர்முனை ஆள், வெள்ளையில் கருப்புக் கோடு என்றால் போர்முனையில் இல்லாதவர். இரண்டாவது வகை எண்ணிக்கையில் மிகக் குறைவு, அதனால் ரிப்பனை மட்டும் மாற்றி விலை ஏற்றும் வேலையும் நடக்கிறது.

இரண்டாவது சிலுவை, வாள் வைத்தது, போர்க்காலத்தில் கொடுத்ததே இல்லை. போர் முடிந்து 16 வருடம் கழித்து, 1934 ஜூலை 13-ல் அன்றைய ஜெர்மன் ஜனாதிபதி ஹிண்டன்பர்க் ஏற்படுத்திய நினைவுச் சிலுவை. அவர் அடுத்த மாதமே இறந்துபோனார். வாள் வைத்தது போர்முனையில் நின்றவர்களுக்கு, வாள் இல்லாதது மற்றப் படைப்பணிக்காரர்களுக்கு, கருப்பு பூசியது போரில் இறந்தவர்களின் மனைவிக்கும் பெற்றோருக்கும். தானாக வராது, மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும். வாள் வைத்தது மட்டும் 60 லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது, அதனால்தான் சந்தையில் மீன் மாதிரிக் குவிந்து கிடக்கிறது, பத்து இருபது யூரோவுக்கே கிடைக்கும். இதைப் போலி செய்ய யாருக்கும் பெரிய ஆசை இல்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். பின்பக்கம் வெறுமையாக இருக்கும், அதில் சின்னதாகத் தயாரிப்பாளர் எழுத்து மட்டும். அந்த எழுத்துகளை வைத்து மட்டுமே சேர்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள், எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

இப்போது நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். பிரிட்டிஷ் ராணுவம் முதல் உலகப்போரில் கொடுத்த பதக்கங்களின் விளிம்பிலோ பின்பக்கத்திலோ சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். ஜெர்மன் பதக்கங்களில் பொதுவாக எதுவும் இருக்காது. உங்கள் இரும்புச் சிலுவை யாருடையது என்று அந்த உலோகம் ஒருநாளும் சொல்லாது. சொல்லக்கூடியது அதோடு வரும் காகிதம்தான்: வழங்கிய சான்று, படைப் பாஸ் (சிப்பாயின் பணிவிவரப் புத்தகம்), ஒரு போட்டோ, பின்னால் பென்சிலில் எழுதிய பெயர். ஐம்பது யூரோவுக்குத் தனிச் சிலுவையும் எண்பது யூரோவுக்குச் சான்றோடு சிலுவையும் இருந்தால் யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள். விற்பவர்கள் சிலர் காகிதத்தைத் தனியாகவும் பதக்கத்தைத் தனியாகவும் விற்றுக் கூடுதலாகச் சம்பாதிப்பார்கள், பார்த்தால் எனக்கு வயிறு எரியும். வரிசையாகப் பதக்கங்கள் கோத்து உடுப்பில் குத்துகிற 'ஷ்பாங்கெ' என்ற பட்டையும் அப்படித்தான். நான்கு பதக்கம் ஒரே பட்டையில் தைத்திருந்தால் அது ஒரு மனிதனின் வாழ்க்கை வரிசை, பிரித்துவிட்டால் நான்கு உலோகத் துண்டு. பட்டையைத் திருப்பிப் பின்பக்கத் துணியைப் பாருங்கள், தையல் நூலில் புதுசு தெரிகிறதா, ஊசி போன ஓட்டை இரண்டு வரிசை இருக்கிறதா என்று. இரண்டு வரிசை ஓட்டை என்றால் யாரோ ஒருமுறை பிரித்துத் திரும்பத் தைத்திருக்கிறார்கள்.

காகிதத்துக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. போட்ஸ்டாமில் இருந்த ராணுவ ஆவணக் காப்பகம் 1945 ஏப்ரல் குண்டுவீச்சில் எரிந்தது, பிரஷ்யப் படையின் தனிநபர் பதிவுகளில் பெரும்பகுதி அதோடு போனது. ஒரு பிரஷ்யச் சிப்பாயைப் பற்றி அவர் வீட்டு அலமாரியில் மிஞ்சிய காகிதம்தான் பல நேரம் ஒரே சாட்சி. பவேரியாவுக்குத் தனிப் படை, தனி ஆவணம், மியூனிக்கில் அது தப்பித்து இருக்கிறது. அதனால் ஒரு ஆளின் கதையைத் தேடிப் போக ஆசைப்பட்டால் பவேரியக்காரர் பெயர் உள்ள சான்றோடு வாங்குங்கள், அவருடைய பிறந்த ஊர், தொழில், எந்தச் சண்டையில் இருந்தார், எங்கே காயம்பட்டார் என்பதுவரை பதிவில் இருந்து எடுக்க வாய்ப்பு உண்டு. ஆனால் பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். e என்பது n மாதிரி இருக்கும், முதல் மாதம் தலைவலி, அப்புறம் பழகிவிடும்.

விற்பவர் வாயால் சொல்லும் கதைக்கு ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள். நான் தமிழன், சென்னைக்காரன் என்று பேச்சுவாக்கில் சொன்னதும் ஒருவர் சட்டென்று பெட்டியிலிருந்து ஒரு இரும்புச் சிலுவையை எடுத்து, இது எம்டன் போர்க்கப்பல் மாலுமியுடையது என்றார். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு போட்ட அதே எம்டன். நம் ஊரில் சாமர்த்தியக்காரனை 'சரியான எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம், அந்த மனுஷனுக்கு இது தெரியுமோ என்னவோ, குறி சரியாகத்தான் வைத்தார். எம்டனின் கேப்டன் ஃபான் முல்லருக்கு முதல் வகுப்பு இரும்புச் சிலுவை கிடைத்தது உண்மை. ஆனால் மேசையில் கிடந்தது பெயர் இல்லாத, காகிதம் இல்லாத இரண்டாம் வகுப்பு. விலை மூன்று மடங்கு. அதை எம்டனோடு சேர்ப்பதற்கு அவர் வாயைத் தவிர எதுவும் இல்லை. நான் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தேன்.

எந்தக் காலத்தைச் சேர்ப்பது என்று முதலிலேயே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். என் கோடு 1918. 1934 சிலுவையை மட்டும் அந்தப் போருக்கானது என்பதால் விலக்காக வைத்திருக்கிறேன். ஸ்வஸ்திகா உள்ள எதையும் வாங்குவதில்லை. ஒன்று, இன்று போலி அதிகம் புழங்குவது அங்கேதான். இரண்டு, ஜெர்மனியில் அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவது தண்டனைச் சட்டம் 86a பிரிவின்படி குற்றம், மூன்று வருடம்வரை சிறை உண்டு. ஆராய்ச்சி, கல்வி போன்றவற்றுக்கு விலக்கு இருக்கிறது, வீட்டுக்குள் வைத்திருப்பதே குற்றமில்லை, ஆனால் தெருவிலிருந்து தெரிகிற சுவரும், எல்லோரும் பார்க்கும்படி போடுகிற போட்டோவும் வீட்டுக்குள் என்ற கணக்கில் வராது. 1957-ல் வந்த சட்டம் பழைய வீரர்களுக்கு அந்தச் சின்னம் நீக்கிய மாற்றுப் பதக்கங்களை அனுமதித்தது. 1939 இரும்புச் சிலுவையில் அந்த இடத்தில் ஓக் இலை வந்தது. மூன்றாவது காரணம் சட்டம் இல்லை. என் மேல்மாடியில் இருக்கும் பாட்டி அடிக்கடி காபிக்கு வருவார், அவர் முகத்தைப் பார்த்து விளக்கம் சொல்ல வேண்டிய எதையும் சுவரில் மாட்ட எனக்கு இஷ்டமில்லை.

பேரரசுக் காலம் என்றால் மட்டும் எல்லாம் சுத்தமா என்றால் அதுவும் இல்லை. 1907-ல் தென்மேற்கு ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு பதக்கம் கொடுத்தார்கள், இன்றைய நமீபியா. ஹெரேரோ, நாமா மக்களைக் கொன்று குவித்த போருக்கான பதக்கம் அது. 2021-ல் ஜெர்மன் அரசே அதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டது. ஒரு பட்டையோடு சேர்ந்து என்னிடம் ஒன்று வந்தது. பட்டையைப் பிரிக்கவில்லை, சுவரிலும் மாட்டவில்லை, இழுப்பறையில் அதைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்போடு இருக்கிறது.

தலைப்பு வைத்துச் சேர்க்க ஆசை என்றால் ஒரு யோசனை: 1915-ல் ஹாம்பர்க், ப்ரேமன், லூபெக் என்ற மூன்று துறைமுக நகரங்களும் தனித்தனியாகச் சிவப்பு எனாமல் சிலுவை வெளியிட்டன. நடுவில் ஹாம்பர்க்குக் கோட்டை வாசல், ப்ரேமனுக்குச் சாவி, லூபெக்குக்கு இரட்டைத்தலைக் கழுகு. மூன்றையும் சேர்த்து வைத்தால் பார்க்க அவ்வளவு அழகு. லூபெக் ஊர் சின்னது, அதனால் அது கடைசியில்தான் கைக்கு வரும், விலையும் அதற்குத்தான் கூடுதல்.

இனி மாட்டுவது. பதக்கத்துக்கு எதிரி மூன்று: வெளிச்சம், ஈரம், பெட்டியே விடுகிற வாயு. மூன்றாவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. ஓக் மரம் வீட்டுக்கு அழகு, பதக்கத்துக்கு விஷம், அதிலிருந்து அசெட்டிக் அமில ஆவி வந்துகொண்டே இருக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையும் அப்படித்தான். கம்பளி ஃபெல்ட் விரித்தால் அதில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும், வெல்வெட் ஒட்டிய பசையும் சேர்ந்துகொள்ளும். பிவிசி ஆல்பம் உறைகள் சில வருடத்தில் பிசுபிசுக்கும், வெண்கலத்தில் பச்சைக் களிம்பு பூக்கும். மியூசியங்களில் இதற்கென்றே ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள், வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளைச் சந்தேகப்படும் துணியோடும் சொட்டு நீரோடும் கண்ணாடிக் குழாயில் அடைத்து 60 டிகிரியில் 28 நாள் வைத்துப் பார்ப்பார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். அலுமினியச் சட்டம், ஆழம் ஒரு மூன்று சென்டிமீட்டர், உள்ளே அமிலமற்ற அட்டை, அதன்மேல் சாயம் போடாத, இரண்டு தடவை வெறும் தண்ணீரில் அலசிய பருத்தித் துணி. இது போதும்.

பதக்கத்தை அந்தத் துணியில் பசை போட்டு ஒட்டாமல், நூலால் பிடிக்க வேண்டும். சிலுவையின் வளையத்துக்குள் பருத்தி நூலை விட்டு அட்டைக்குப் பின்னால் முடிச்சுப் போடுங்கள், கீழ்க்கையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தளர்ந்த தையல். ரிப்பனில் ஊசியே ஏற்றாதீர்கள், அதன் குறுக்கே மெல்லிய துணிப்பட்டை ஒன்றை வைத்து அந்தப் பட்டையைத் தையுங்கள். கையில் நைட்ரைல் கையுறை, ஏனென்றால் வியர்வை பட்ட இரும்பில் விரல்ரேகை வடிவத்திலேயே துரு வரும், நானே பார்த்திருக்கிறேன்.

இடம்: வெளிச்சுவர் வேண்டாம், குளிர்காலத்தில் அது வியர்க்கும். ஹீட்டருக்கு மேலே வேண்டாம், சமையலறைப் பக்கச் சுவர் வேண்டவே வேண்டாம், நம் வீட்டுத் தாளிப்பு எண்ணெய் ஆவி எங்கேயும் போய் உட்காரும். கெல்லரில் (நிலவறையில்) வைக்கலாமா என்று கேட்பீர்கள், பழைய கட்டடக் கெல்லர் என்றால் ஒரு வருடத்தில் துருப்பிடித்த சிலுவைதான் மிஞ்சும். இரும்பு இருக்கும் பெட்டிக்குள் ஈரப்பதம் 45 சதவீதத்துக்குக் கீழே நின்றால் நல்லது. ஒரு சின்ன ஈரப்பதமானியும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் சட்டத்தின் அடியில் மறைவாக வையுங்கள். சிவப்புப் பொடியாக உதிர்கிற துரு என்றால் உயிரோடு இருக்கிற துரு, கவனிக்க வேண்டும். அசையாத பழுப்புக் கறை என்றால் விட்டுவிடுங்கள்.

வெளிச்சம்தான் ரிப்பனைத் தின்னும். புற ஊதா தடுக்கும் கண்ணாடி போட்டாலும் சாதாரண வெளிச்சமே சாயத்தை வெளுக்கும். மியூசியத்தில் துணிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) என்று கணக்கு வைப்பார்கள். உங்கள் மேசை விளக்கடியில் அதைப்போல ஆறேழு மடங்கு இருக்கும். இங்கோல்ஷ்டாட்டில் உள்ள பவேரிய ராணுவ மியூசியத்துக்குள் போனால் ஆரம்பத்தில் இருட்டாகத் தோன்றும், கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். காரணம் இதுதான். வீட்டில் அவ்வளவு இருட்டு முடியாது, அதனால் நான் சுழற்சி வைத்திருக்கிறேன்: ஒரு சட்டம் ஆறு மாதம் சுவரில், பிறகு இழுப்பறைக்குள், அடுத்தது சுவருக்கு.

காகிதத்தின் அசலை மாட்டவே மாட்டாதீர்கள். நல்ல ஸ்கேன் எடுத்துப் பிரிண்ட் போட்டு அதைப் பக்கத்தில் வையுங்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. 1934 சிலுவையின் சான்று கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள், ஹிண்டன்பர்க் சிலுவை என்றாலும் தலைப்பில் 'ஃபியூரர், ராய்ஷ் சான்ஸ்லர் பெயரால்' (இரண்டும் ஹிட்லர்தான்) என்று இருக்கும், சிலவற்றில் அலுவலக முத்திரையில் ஸ்வஸ்திகா இருக்கும். மாட்டும் பிரிண்டில் அதை மறைத்துவிடலாம். என்னிடம் ஒரு கருப்புச் சிலுவை இருக்கிறது, மகனை இழந்த ஒரு அம்மாவுக்கு வந்தது. சான்றை நான்காக மடித்து, மடிப்பு கிழியுமளவு பலமுறை திறந்து மூடியிருக்கிறார்கள். சிலுவையின் ரிப்பனில் மட்டும் சுருக்கமே இல்லை. ஒருநாளும் குத்திக்கொள்ளவில்லை போல. அந்த மடிப்பை டேப் போட்டு ஒட்டலாமா என்று சந்தையில் ஒருவர் அறிவுரை சொன்னார், நான் ஒட்டவில்லை, பாலியெஸ்டர் உறைக்குள் அப்படியே இருக்கிறது.

இப்போதைக்கு உங்கள் இரும்புச் சிலுவையை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வறண்ட இழுப்பறையில் வையுங்கள். அதற்கு முன் லூப் வைத்து வளையத்தில் என்ன எழுத்து அடித்திருக்கிறது என்று பாருங்கள், வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால்தான் தெரியும். எழுத்தைச் சொன்னால் செய்தவர் யார் என்று பார்த்துச் சொல்கிறேன்.